களப்பில் ஓர் அந்திப் பொழுது

கற்பிட்டிக்குச் செல்வோர் ஒல்லாந்தர் கோட்டையையும் டொல்பின்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அஸர் தொழுதுவிட்டுப் புத்தளம் களப்பில் பாய்த்தோணி ஏறுவோர் குறைவு. மேற்கே கற்பிட்டித் தரை நீண்டு கிடந்து பெருங்கடலின் அலையைத் தடுத்துவிடுவதால் களப்பு பெரும்பாலும் அடங்கியே இருக்கும். இயந்திரப் படகில் போனால் விரைவாகப் போகலாம். அதன் இரைச்சலில் அமைதி ஏது?

பாய்த்தோணியில் அவசரத்துக்கு இடமில்லை. காற்று வீசினால் ஓடும், ஓய்ந்தால் நிற்கும். ‘அஷ்ஷூறா’ அத்தியாயத்தில் அல்லாஹ் கப்பல்களையும் காற்றையும் பற்றிக் கூறுமிடத்தில் பொறுமையையும் நன்றியையும் சேர்த்திருப்பதன் பொருத்தம் அங்கே அமர்ந்திருந்தால் விளங்கும்.

எங்களோடு வந்த பெரியவர் 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிள்ளைகளின் அழுகைக்கிடையே படகில் இக்கரை சேர்ந்தவர்களில் ஒருவர். அதன்பின் தோணியில் கால் வைத்ததில்லையாம். பலகையை இறுகப் பற்றியபடியே இருந்தார்.

“தூரத்துக் கரையப் பாருங்க நானா, தலை சுத்தாது” என்றார் தோணிக்காரர்.

பலகையில் நீர் தட்டும் ஓசை, முகத்தில் உப்புக்காற்று. தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் சூரியன் சிவந்து இறங்கியபோது பெரியவரின் தோள்கள் தளர்ந்திருந்தன. மூச்சு சீராகியிருந்தது. பலகையை விட்ட கை மடியில் கிடந்தது. தம் ஊர்ப் பள்ளிவாசலைப் பற்றி, யாரும் கேளாமலே பேசத் தொடங்கினார்.

களப்பு நீரிலேயே வுழூச் செய்தோம். (உப்பு நீரில் வுழூ கூடுமா எனச் சிலர் கேட்பதுண்டு, தாராளமாகக் கூடும்.) கரையேறி மணலில் மஃரிப் தொழுதோம். ஸலாம் கொடுத்து, துஆவும் முடிந்தபின், நாளைக்கும் காற்றிருக்குமா என்று தோணிக்காரரிடம் விசாரித்தார் பெரியவர்.