புகை திரும்பிவிட்டது

மந்தாரக்குப்பம்,
ஐப்பசி 5

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மேப்பிள் மரப் படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். இலை இவ்வளவு சிவக்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

நம் ஊரில் வெயில் விட்டால் மழை, நடுவில் ஒன்றும் கிடையாது என்று எழுதியிருந்தாய். எனக்கு அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. நடுவில் இருக்கிறதுடா. நம் வேம்பு மாசியில்தான் இலை கொட்டும் என்பதால் மரத்தைப் பார்த்தால் தெரியாது. அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்க்க வேண்டும்.

ஆடி, ஆவணி முழுக்க மேல்காற்று. புகை கடலூர்ப் பக்கமே சாய்ந்து கிடந்தது. புரட்டாசி பாதியில் அது திசை தெரியாமல் தடுமாறியது. ஒருநாள் நெட்டுக்குத்தாக மேலே போனது, ஒருநாள் தலைக்கு மேலேயே தங்கிவிட்டது. அந்த நாட்களின் புழுக்கம் சொல்லி முடியாது. நடுராத்திரி விசிறிக்கடியிலும் வேர்த்தது. போன வாரம் காலையில் துணி உலர்த்த மாடிக்குப் போனால், புகை விருத்தாசலம் பக்கம் திரும்பியிருக்கிறது! வாடை வந்துவிட்டது. கூலிங் டவர் ஆவியும் மாறிவிட்டது. கோடையில் வெளியே வந்த வேகத்தில் கரைந்துவிடும். இப்போது காற்றில் குளிர்ச்சியும் ஈரமும் ஏறிவிட்டதால், விடியற்காலையில் வெகுதூரம் கலையாமல் வெள்ளையாக நீண்டு கிடக்கிறது.

இதே காற்றை நம்பித்தான் தட்டான்களும் புறப்படுகின்றன. சாயங்காலம் காலி மனையின் மேல் கூட்டமாகச் சுற்றுகிற அந்த மஞ்சள் தட்டான் இனம், கடலைத் தாண்டி மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009-ல் எழுதினார். அது தெரிந்ததிலிருந்து, வாலில் நூல் கட்டும் பிள்ளைகளைக் கண்டால் விடச் சொல்லிவிடுகிறேன்.

டவுன்ஷிப் மரங்களுக்குள் ஆறுமணிக்குருவியின் இரட்டைச் சீழ்க்கை கேட்க ஆரம்பித்துவிட்டது. இமயமலை அடிவாரத்திலிருந்தெல்லாம் வருகிற பறவை அது. ஆடியில் ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும், இப்போது ஆறு மணிக்கே விளக்கு. சூரியன் தெற்கே நகர்ந்ததில், ஆடியில் ஒரு கீற்றுகூட விழாத அடுக்களை ஜன்னல் வழியே மத்தியான வெயில் அஞ்சறைப்பெட்டி வரை வருகிறது. கடுகும் மிளகும் தனித்தனி மணியாகத் தெரியும் அளவுக்கு நல்ல வெளிச்சம். எனக்கு வருஷத்திலேயே பிடித்த நாட்கள் இவைதான்.

ஆனால் கொஞ்ச நாள்தான். அப்புறம் அடைமழை. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை. வாசல் சாக்கடையில் மண் அள்ள ஆள் சொல்லிவிட்டேன், மாடியில் தண்ணீர் இறங்கும் குழாயையும் குத்திவிட்டாயிற்று.

ஒரே ஒரு கவலை அப்பா. இன்னும் திண்ணையில்தான் படுக்கிறார். வாடை பட்டதும் இருமல் தொடங்கிவிட்டது. உள்ளே கட்டில் போட்டு வைத்தும் வரமாட்டேன் என்கிறார். நான் சொன்னால் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நீ சொல்லு.

அன்புடன்,
அக்கா