சாம்பலிலே தளிர்த்த தீவு

வட ஐரோப்பிய நாடுகளிற் குளிர்காலம் என்பது நீண்டதோர் இருள். மார்கழி, தை மாதங்களில் பிற்பகல் நான்கு மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். ஆதலால், சிறிது பொருள் சேர்த்து வைத்திருப்போர், ஒரு வாரமாவது வெயிலிற் காய்ந்து வருவோமெனத் தென்றிசை நோக்கிப் புறப்படுகின்றனர். வெயிலைக் கண்டதும் நிழல் தேடி ஒதுங்கும் எம்மவர்க்கு இது வியப்பாகவே தோன்றும். அத்தகைய பிரயாணிகளோடு பிரயாணிகளாக, நாம் கணவனும் மனைவியுமாக ஒரு தை மாதத்திலே இலண்டனில் விமானமேறி, நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பறந்து, லன்சரோட்டே தீவில் இறங்கினோம்.

ஆபிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீற்றர் தூரத்தில், அத்திலாந்திக் சமுத்திரத்தில் இத்தீவு உள்ளது. ஸ்பெயின் தேசத்துக்குரிய கனேரித் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. பரப்பு ஏறக்குறைய 846 சதுர கிலோமீற்றர். தை மாதத்திலும் பகலில் வெப்பம் 20 பாகை சென்ரிகிரேட் அளவில் நிற்கும். மழையோ மிகவும் அருமை. பல இடங்களில் ஆண்டு முழுவதும் பெய்வது 150 மில்லிமீற்றர் அளவே. பிரயாணிகளுக்கு வரமாக இருக்கும் இவ்வெயில், உழவனுக்கு வரமாக இருந்ததில்லை.

1730ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி இரவு, இத்தீவின் மேற்குப் பாகத்திலே பூமி பிளந்து தீயைக் கக்கியது. அன்று தொடங்கிய சீற்றம், இடையிடையே அடங்கியும் எழுந்தும், 1736ஆம் ஆண்டு வரை நீடித்தது. தீவின் நாலிலொரு பங்களவான நிலம் எரிகுழம்பினுள் ஆழ்ந்தது. செழிப்பான வயல்களும் பல கிராமங்களும் அழிந்தன. யாய்சா என்னும் ஊரின் பங்குக் குருவானவராயிருந்த அந்திரேஸ் லொரென்சோ கூர்பெலோ, தாம் கண்டவற்றைக் குறித்து வைத்தமையாலேயே அந்நாட்களின் கொடுமையை உலகம் இன்றும் அறிகின்றது.

அவ்வாறு எரிந்த பூமியின் ஒரு பகுதி, 1974ஆம் ஆண்டு முதல் திமன்பாயா தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றது. பூங்கா என்றதும் மலரையும் மரத்தையும் எதிர்பார்த்தல் வேண்டாம். கருமையும் செம்மையுமான குன்றுகள். உழுது போட்டாற்போற் கிடக்கும் கற்குழம்புப் பாளங்கள். அவற்றின் மேல் இலைக்கன் படர்ந்த வெண்திட்டுகள். அவ்வளவுதான். பஸ் வண்டியிற் சுற்றிக் காட்டுவார்களேயன்றி, நினைத்த இடத்தில் இறங்கி நடக்க விடுவதில்லை. ஓரிடத்தில் காவலர் ஒருவர், நிலத்திற் பதித்த குழாயினுள் ஒரு வாளி நீரை ஊற்றினார். இரண்டொரு கணத்தில் அது பெருமுழக்கத்துடன் நீராவித் தூணாக வானில் எழுந்தது. கடைசியாக 1824ஆம் ஆண்டிற் கொந்தளித்த நெருப்பு இன்னும் ஆறிவிடவில்லை. அங்குள்ள உணவுச்சாலையில் அந்நிலச் சூட்டிலேயே இறைச்சி வாட்டுகின்றார்கள்!

எனினும், எம் மனத்தைக் கவர்ந்தது நெருப்பன்று. அதற்கப்பால் லா ஹேரியா என்னும் பள்ளத்தாக்கிற் கண்ட உழவர்தம் கைத்திறனே. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரிய நிலம். அதில் ஆயிரமாயிரம் குழிகள். ஒவ்வொரு குழியினடியிலும் ஒரு திராட்சைக் கொடி. குழியின் விளிம்பிலே, ஓயாது வீசும் வடகீழ்க் காற்றைத் தடுக்கப் பிறை வடிவிற் கல்லடுக்கிய சிறு சுவர்.

“மழையில்லா இவ்விடத்திற் கொடி எதைக் குடித்து வாழ்கின்றது, ஐயா?” என்று அங்கு வேலை செய்துகொண்டிருந்த முதியவரிடம் கேட்டோம். அவர் மறுமொழி கூறாது, குனிந்து மேலிருந்த கருஞ்சரளையைக் கையால் விலக்கினார். அடியில் ஈரம்! எம் மனைவி தொட்டுப் பார்த்து வியந்தார்.

எரிமலை உமிழ்ந்த அச்சரளை நுண்துளைகள் நிறைந்தது. இராக்காலத்துப் பனியை உள்ளிழுத்துக் கீழுள்ள மண்ணுக்குக் கொடுக்கும்; பகலிலே போர்வைபோற் கிடந்து அவ்வீரம் ஆவியாகாது காக்கும். வயலைப் புதைத்த சாம்பலே பயிருக்குத் தாயாயிற்று. பழைய மண்ணைத் தேடி ஆளுயரத்துக்கு மேலும் குழி தோண்டிய அம்மக்களின் பொறுமையை என்னென்பது!

இத்தீவிற் பிறந்த ஓவியர் செசார் மன்ரிக்கேயும் அவ்வழியிற் சென்றவரே. எரிகுழம்பு ஓடி வெறுமையான குகைகளை இடித்து மூடாது, அவற்றையே மண்டபமாகவும் குளக்கரையாகவும் அழகு செய்தார். உயர்ந்த மாடிக் கட்டடங்கள் தீவை மறைத்தல் ஆகாதென 1992ஆம் ஆண்டில் இறக்கும் வரை வாதாடினார். வெண்சுவர் வீடுகள் இன்றும் பெரும்பாலும் நிலத்தோடு தாழ்ந்து நிற்பதற்கு அவர் முயற்சியும் காரணமாகும். 1993ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இத்தீவு முழுவதையும் உயிர்க்கோள ஒதுக்கிடமாக ஏற்றது.

ஆயினும், இன்று வேறொரு பாரம் இத்தீவின் மேல் ஏறியிருக்கின்றது. ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழும் இவ்விடத்துக்கு 2023ஆம், 2024ஆம் ஆண்டுகளில், ஆண்டொன்றுக்கு 30 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் வந்தனர். முன்னாளில் மழைநீரை நிலத்தடித் தொட்டிகளிற் சேர்த்துச் சொட்டுச் சொட்டாகச் செலவிட்ட ஊர் இது. 1960களின் நடுப்பகுதியிற் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை வந்த பின்னரே ஹோட்டல்கள் பெருகின. இன்று குடிநீர் அனேகமாக முழுவதும் கடலிலிருந்தே பெறப்படுகின்றது. அதற்கு மின்சாரமும் பணமும் வேண்டும். வீட்டு வாடகை உயர்வையும் நீர்ப் பஞ்சத்தையும் முறையிட்டு, 2024ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே கனேரித் தீவுகளெங்கும் மக்கள் வீதிக்கு வந்தனர். பிரயாணிகளே வரவேண்டாமென்பதன்று அவர்தம் கோரிக்கை; வருகைக்கோர் அளவு வேண்டுமென்பதே.

அதனைக் கேட்டபின், ஹோட்டல் நீச்சற் குளத்தின் நீலம் எமக்கு வேறுவிதமாகத் தோன்றியது. எஞ்சிய நாட்களில் நீரை எண்ணிச் செலவிட்டோம். கிராமத்துக் கடைகளில் உண்டு, உழவர் விற்ற வெங்காயமும் திராட்சை வற்றலும் வாங்கினோம். இவை சிறு காரியங்களே. ஆனால், பனித்துளியைச் சேர்த்தே ஒரு பள்ளத்தாக்கைப் பசுமையாக்கிய மக்கள் வாழும் நாட்டிற் சிறு காரியங்களை அற்பமென எண்ணலாகாது. விருந்தினராய்ச் செல்வோர், அந்நிலம் எவ்வளவு தாங்கும் என்பதையும் அறிந்து செல்லல் வேண்டும். பிரயாணத்தின் பயன் அதுவே.