பவாய் ஏரிக்கரையில் ஒரு செயலிப் பட்டறை

மும்பை மாநகரத்தின் வடகிழக்குப் பகுதியில், பவாய் ஏரிக்கும் விஹார் ஏரிக்கும் இடையே, குன்றுகளின் அடிவாரத்தில் பரந்து கிடக்கும் இந்தியத் தொழில்நுட்பக் கழகம், யுனெஸ்கோவின் வாயிலாகக் கிடைத்த சோவியத் உதவியுடன், 1958-ஆம் ஆண்டில் 100 மாணாக்கர்களைக் கொண்டு தொடங்கப்பெற்ற ஸ்தாபனம். இன்றோ ஆயிரக்கணக்கான வித்தியார்த்திகளும் ஆசிரியர்களும் ஊழியர்களும் அவர்தம் குடும்பத்தாரும் கூடி வாழும் ஒரு சிற்றூராகவே அது விளங்குகிறது. இந்தச் சிற்றூரில் இன்றிரவு எந்த விடுதியில் என்ன சாப்பாடு, நாளை மாலை எந்த மண்டபத்தில் என்ன நிகழ்ச்சி, வேலைவாய்ப்புக்கு எந்தக் கம்பெனி வருகிறது என்பனவற்றைக் கைப்பேசியில் அறிவிக்கும் ‘இன்ஸ்டிஆப்’ என்னும் செயலியை, சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர்கள் அல்ல, அங்கே படிக்கும் மாணவர்களே எழுதி நடத்திவருகிறார்கள் என்று கேள்வியுற்றபோது, அவர்களுடைய தொழிலை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று.

பட்டறை என்று நான் சொல்வது ஒரு விடுதி அறையைத்தான். இராச்சாப்பாடு முடிந்த பிறகே அங்கே வேலை சூடுபிடிக்கிறது. கட்டில்மேல் இருவர், தரையில் மூவர், மடிமேல் கணினிகள். அவர்களுள் திருநெல்வேலியிலிருந்து வந்து படிக்கும் மாணவர் ஒருவர் எனக்கு வழிகாட்டியாக அமைந்தது என் பாக்கியம்.

மாணவர்களே தங்கள் கல்விச்சாலைக்குச் செயலி எழுதுவது இங்கே மட்டும் பிறந்த வழக்கம் அன்று. ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக்கடை 2008 ஜூலையில் திறக்கப்பட்ட அதே ஆண்டில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள் வளாகப் படம், பாடப்பட்டியல், முகவரிக் கையேடு முதலியவற்றை அடக்கி ‘ஐஸ்டான்போர்டு’ என்ற செயலியைச் செய்தார்கள். மறு ஆண்டே அவர்களுடைய சிறு நிறுவனத்தை பிளாக்போர்டு என்னும் கல்வித்துறைக் கம்பெனி விலைக்கு வாங்கிக்கொண்டது. பவாயில் நடந்தது வேறு. இங்கே செயலியின் மூலநிரலை எவரும் படிக்கலாம் என்று கிட்ஹப் என்னும் இணையத்தளத்தில் திறந்து வைத்துவிட்டு, ஓர் அணி படித்து முடித்துப் போக, அடுத்த அணி எடுத்து நடத்துகிறது. விற்பனைக்கு என்று செய்யாத பொருளுக்கு உரிய சிரத்தையையும், அப்பொருளுக்கே உரிய சிரமங்களையும் நான் அங்கே ஒருங்கே கண்டேன்.

செயலியின் எந்தப் பகுதியில் அதிக உழைப்பு என்று என் வழிகாட்டியிடம் வினவினேன். கணிதத் திறமையைக் காட்டும் ஏதோவொரு பகுதியை அவர் சுட்டுவார் என்று எண்ணியிருந்தேன். அவரோ மெஸ் மெனுவைத் திறந்து காட்டினார். “சார், மெனு ஒரு வாரம் தப்பா இருந்தா பொறுத்துக்குவாங்க. ரெண்டாவது வாரமும் தப்பா இருந்தா ஆப்பையே தூக்கிருவாங்க” என்றார். அந்தத் திரையை வரைவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் ஒவ்வொரு விடுதியிலும் மெஸ் கவுன்சிலராக இருக்கும் மாணவர், பட்டியல் மாறும்போதெல்லாம் அதை மறவாமல் எழுதி ஏற்ற வேண்டுமே, அதற்கு எந்த நிரலும் உதவாது. ஆகவே பட்டியலை ஏற்றும் பக்கத்தை எத்துணை எளிதாக்கலாம், சென்ற வாரத்தையே நகலெடுத்து இரண்டு வரி மட்டும் மாற்றும்படி செய்யலாமா என்பதைப் பற்றியே அன்று வெகுநேரம் விவாதித்தார்கள். பயன்படுத்துவோர் காணாத அந்தப் பின்கட்டுப் பக்கத்துக்கு அவர்கள் கொடுத்த கவனமே, இவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்று எனக்கு உணர்த்தியது.

செயலியில் உள்ள வளாகப் படத்தின் கதையும் சுவையானது. மரம், பாதை, விடுதி என எல்லாவற்றையும் வண்ணத்தில் தீட்டிய படம் அது. செயற்கைக்கோள் தரும் அளவுக்கு முற்றிலும் ஒத்துவராது. அதனால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு விலாசங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள்: பூமியின்மேல் அதன் அட்சரேகை தீர்க்கரேகை ஒன்று, தீட்டிய படத்தின்மேல் அது விழும் புள்ளி மற்றொன்று. புதிதாக ஒரு கட்டடம் எழும்பினால் இரண்டையும் கையால் சேர்க்க வேண்டும்.

நிகழ்ச்சிகளை யார் அறிவிக்கலாம் என்பது அதைவிடக் கடினமான விஷயம். ஒவ்வொரு மன்றமும் ஓர் அமைப்பாகப் பதிவாகி, அந்த மன்றத்தின் பொறுப்பாளருக்கு மட்டும் அதன் பெயரால் அறிவிக்கும் அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. பொறுப்பு மாறும் பருவத்தில் பழையவரிடமிருந்து அதிகாரத்தை வாங்கிப் புதியவருக்குக் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் ஒலிக்கும் அறிவிப்புகளையும் அடக்கி ஆள வேண்டியிருக்கிறது. எல்லா மன்றமும் எல்லோரையும் நாள்தோறும் கூப்பிட்டால், எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள்; பிறகு டிசம்பர் முதல் தேதி தொடங்கும் வேலைவாய்ப்புத் தேர்வின் அவசரச் செய்தியும் அந்த மௌனத்தில் அமிழ்ந்துபோகும். எனவே தாம் பின்தொடரும் மன்றங்களின் செய்தி மட்டுமே ஒருவருக்கு வந்து சேரும்படி ஏற்பாடு.

பழைய மாணவர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது அறையிலிருந்த அனைவருமே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். படிக்கிறவரை ஒரு மாணவர் செயலிக்குள் நுழைவதற்குக் கழகம் வழங்கிய அடையாளம் இருக்கிறது. பட்டம் பெற்றுப் போனபின், பொதுவாக எந்தக் கல்விச்சாலையிலும், அந்த அடையாளம் செல்லாததாகிறது. நான்கு ஆண்டுகள் நாள்தோறும் திறந்த செயலி அன்றே அவரை அந்நியராக்கிவிடுகிறது. அவரை மீண்டும் உள்ளே விட வேண்டுமானால், வந்திருப்பவர் அவர்தாம் என்று வேறு வழியில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். விட்ட பிறகும் மெஸ் மெனுவைக் காட்டுவதா, உள்வட்டாரப் புகார்களைக் காட்டுவதா, இப்போது படிப்பவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் காட்டுவதா என்று ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டும். தனிநபர்த் தரவுகளைக் காப்பதற்கான சட்டம் 2023-இல் இயற்றப்பட்ட பிறகு, பிறருடைய விவரத்தைத் தாராளமாக விரித்துவைப்பது நட்பின் அடையாளம் என்று வாதிப்பதற்கும் இடமில்லை.

இவ்விடத்தில் என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய மாணவர்களுக்கென்று கல்விச்சாலைகள் செய்விக்கும் செயலிகளில் பல, நன்கொடை கேட்கும்போது மட்டும் வாய் திறக்கின்றன. அவற்றை எவரும் வைத்திருப்பதில்லை, வைத்திருக்க வேண்டிய நியாயமும் இல்லை. மாறாக, ஆண்டுகள் பல கழித்து வளாகத்துக்கு வருபவருக்குத் தம் பழைய விடுதிக்கு வழி தெரிய வேண்டும், தம் துறையில் இன்று நடக்கும் சொற்பொழிவு தெரிய வேண்டும், தம்மிடம் ஆலோசனை கேட்க விரும்பும் இளைஞரின் கடிதம் தம் எண்ணை வெளிப்படுத்தாமல் வந்து சேர வேண்டும். இவ்வளவையும் அச்செயலி செய்யுமானால் நன்கொடையும் தானாக வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1962-இல் பட்டம் பெற்ற முதல் அணியினர் எண்பது வயதைக் கடந்தவர்கள். கைப்பேசியில் எழுத்தை மிகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படிப்பவர்கள் அவர்களிடையே இருப்பார்கள் அல்லவா? இதைச் சொன்னதும் ஒருவர் தம் கைப்பேசியில் எழுத்தின் அளவை உச்சத்துக்கு ஏற்றிச் செயலியைத் திறந்தார். நிகழ்ச்சியின் தலைப்பு பாதியில் வெட்டுண்டு, தேதி திரைக்கு வெளியே போயிருந்தது.

அந்தக் குறையைத் தீர்க்கும் வேலையை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஏற்றுக்கொண்டாள். அவள் திருத்திய வரிகளைக் கடைசி ஆண்டு மாணவர் ஒவ்வொன்றாகப் படித்து, நீளமான தலைப்புக்கும் இது தாங்குமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அவள் மறுபடியும் திருத்தினாள். இரண்டாம் முறை குறை ஒன்றும் இல்லாதிருந்தும், அவர் தாமே அதை மூலத்தில் சேர்க்காமல், “நீயே மெர்ஜ் பண்ணு” என்று அவளிடம் கணினியை நகர்த்தினார். பிறகு சர்வரின் கடவுச்சொற்களும் செயலிக்கடைக் கணக்கும் யார் யார் கையில் இருக்கின்றன என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அதில் போன வருஷமே வேலைக்குப் போய்விட்டவர்களின் பெயர்களை நீக்க வேண்டியிருந்தது. அவருடைய பெயரையும் ஜூலைக்குள் நீக்குமாறு அவள் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.