பெயர் எழுதும் நாள்



மே மாதம் பாதி கழிந்துவிட்டால் எங்கள் திருவண்ணாமலைத் தேரடி வீதியில் கால் வைக்க இடமிராது. புத்தகப் பை, காலணி, சீருடைத் துணி என்று கடைக்குக் கடை பிள்ளைகளின் கூட்டம். நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள்தான். ஆயினும் கடைக்குப் புறப்படுமுன் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று நீங்கள் கண்ணால் கண்டதுண்டா?

நான் கண்டதில்லை. கண்டிருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இருந்திராது.

எங்கள் மூத்த மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அவளுடைய அத்தா சவூதியில் இருந்தார். இடுப்பில் கைக்குழந்தையுடன் நான்தான் பள்ளிக்குச் சென்றேன். எழுத்தர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மதம்? இஸ்லாம் என்றேன். சாதி? முஸ்லிம் என்றேன், சற்றுப் பெருமையாகவே! அவர் அப்படியே எழுதினார். நான் படித்துப் பாராமல் கையெழுத்திட்டேன்.

இஸ்லாத்தில் சாதி ஏது என்று உங்கள் மனம் கேட்கும். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கட்டத்தில் கேட்கப்படுவது நம் ஈமானை அன்று; அரசின் பட்டியலில் உள்ள ஒரு பெயரை. தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டினுள் 3.5 விழுக்காடு 2007ஆம் ஆண்டில் முஸ்லிம்களுக்கெனப் பிரித்தளிக்கப்பட்டது. அதற்குரிய பட்டியலில் ‘முஸ்லிம்’ என்ற பொதுச்சொல் தனியே இல்லை. அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத் என்ற பெயர்களே உள்ளன. ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பை என்ற தலைப்பின் கீழேயே வருகின்றனர். நாங்கள் லெப்பைமார். அந்த ஒரு சொல்லை அன்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பிழை சத்தமின்றிக் கிடந்தது. மகள் பிளஸ் டூ தேறினாள். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும் என்றனர். இ-சேவை மையத்தில் பதிந்தோம். விசாரணையில் மகளுடைய பள்ளிச் சான்றில் உட்பிரிவு இல்லையே, தந்தையின் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள் என்றனர். அது போளூரில் என் மாமியார் வீட்டுப் பெட்டியில் இருந்தது. திறந்து பார்த்தால் கரையான் பாதியைத் தின்றிருந்தது! அவர் படித்த பள்ளியில் மறுபடி பெற்று, கொண்டுவந்து, கொடுத்து... சான்றிதழ் கைக்கு வந்தபோது பதிவேற்றும் நாள் கடந்துவிட்டது. பொதுப் பிரிவில் அவளை வைத்தார்கள். அரசுக் கல்லூரி இடம் கைநழுவிற்று. தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு என் வளையல்கள் போயின. வளையல்கள் போனது பெரிதன்று. மகள் என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

நம் வீடுகளில் பெயரின் கதை இன்னும் சிக்கலானது. முஹம்மது என்ற திருப்பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பாத்திமாவில் ‘டி’க்குப் பின் ‘ஹெச்’ உண்டா, இல்லையா? பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பள்ளியில் மற்றொன்று. பிறப்புச் சான்றிதழில் பெயரே சேர்க்காமல் ‘பெண் குழந்தை’ என்றே விட்டுவைத்த வீடுகளும் உண்டு. பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியை மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. அந்தப் பிள்ளைகள் மழலையர் வகுப்புக்கு வரும் வயதை நெருங்கிவிட்டார்கள், தாய்மார்களே!

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புமுன் பள்ளியில் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்க்கச் சொல்வார்கள். அன்று பிள்ளையிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே செல்லுங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்தபின் திருத்துவது பெரும்பாடு. பெயரை மாற்ற வேண்டுமெனில் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும்.

எங்கள் ஊராருக்குத் தனியே ஒரு சொல். அலுவலகம் செல்லுமுன் நாட்காட்டியில் பௌர்ணமி பாருங்கள். கிரிவலத்துக்கு ஊர் நிறையும் நாளில் போளூர் சாலையிலிருந்து வட்டாட்சியர் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் பகல் உணவு வேளை வந்துவிடும். எனக்கு நேர்ந்திருக்கிறது.

இவ்வாண்டு எங்கள் இளையவன் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி செல்கிறான். பையும் காலணியும் இன்னும் வாங்கவில்லை. சென்ற வாரம் அவனுடைய அக்காள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் அவன் பெயர், அத்தாவின் பெயர், பிறந்த தேதி, அதன் கீழே ‘லெப்பை’ என்று எழுதி, பிறப்புச் சான்றிதழோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு அதை மூன்று நகல் எடுத்துவந்து, ஒன்றை என் கைப்பையில் வைத்தாள்.