அம்மா முகம் தெரியணும்னா நாமதான் குனியணும்!

போன வருஷம் தை மாதம் எங்கள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. ஆல்பம் வந்ததும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்து இழுத்துப் பார்த்தோம். "என் புடவை நல்லா விழுந்திருக்கு", "மாப்பிள்ளை கண்ணை மூடிட்டார் பாரு" என்று ஒரே சத்தம். கடைசியாகத்தான் ஆல்பம் அம்மா கைக்குப் போனது. அவள் பக்கம் பக்கமாக, நிதானமாகப் புரட்டினாள். மூடி வைத்துவிட்டு, "எல்லாத்துலயும் என் உச்சந்தலைதான் இருக்கு. நாளைக்கு நான் போனப்புறம் அதையே பெரிசு பண்ணி மாலை போட்டுடுங்க" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்கு வயது 78. முதுகு நன்றாகக் கூனிவிட்டது. நடக்கும்போதும் உட்காரும்போதும் முகம் மடியைப் பார்த்தபடியே இருக்கும். "வயசானா கூன் விழத்தானே செய்யும்" என்று நாங்களும் வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டோம். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் டாக்டர் விளக்கினார். எலும்பு மெலிந்து, முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருக்கின்றனவாம். கீழே விழாமலே, ஒரு குடத்தைத் தூக்கினாலே கூட இப்படி நேரலாமாம். அம்மா ஒரு நாளும் கீழே விழுந்தவள் இல்லை. ஆனால் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கித் தூக்கிச் செருகிக்கொண்டே இருந்தாள். உயரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

அம்மா நிமிர்ந்து நேராகப் பார்க்கிற போட்டோ வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 1986-ல் மாயவரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. ஸ்டூடியோ மாமா பெட்டி மாதிரி ஒரு காமிரா வைத்திருந்தார். ஒன்றின் கீழ் ஒன்றாக அதில் இரண்டு லென்ஸ். அவர் அதைக் கண்ணில் வைத்துப் பார்க்க மாட்டார். வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல மேலிருந்து குனிந்து பார்ப்பார். சின்னப் பெண்ணான எனக்கு அது பெரிய வேடிக்கை. இந்த மாமாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறார்.

முதல் முயற்சியும் என் முழங்காலும்

எங்கள் பையன் காலேஜில் படிக்கும்போது டி.எஸ்.எல்.ஆர். காமிரா ஒன்று வாங்கினான். வேலை கிடைத்து வெளியூர் போனவன் அதை பீரோவிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். எடுத்துத் துடைத்து, போனில் அவனிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். பத்தாவதோடு நின்றவள் நான். முதல் வாரம் எந்தப் பட்டன் எதற்கென்றே புரியவில்லை. ஆனாலும் பிடிவாதமாக இருந்தேன்.

அம்மா தினமும் காலையில் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வாள். அந்த நேரத்தில் அவள் முகம் ரொம்ப அமைதியாக இருக்கும். அதைத்தான் எடுக்க ஆசைப்பட்டேன். நின்றுகொண்டு எடுத்தால் நரைத்த தலைதான் விழுந்தது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எடுத்தால் நெற்றி வரைதான். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் காமிரா இறங்கினால்தான் அம்மாவின் கண்ணே தெரிகிறது.

சரியென்று தரையில் படுத்தேன். எனக்கு 45 வயது. முழங்கால் வலி வந்து இரண்டு வருஷமாகிறது. படுக்க ஒரு நிமிஷம் ஆனது, எழுந்திருக்க ஐந்து நிமிஷம். நடுவில் அம்மா, "ஐயையோ பாப்பா, விழுந்துட்டியா?" என்று அலறிக்கொண்டு எழுந்துவிட்டாள். சத்தம் கேட்டு என்னவரும் ஓடி வந்தார். படத்தில் விழுந்தது அம்மாவின் இரண்டு பாதங்களும், கொட்டிப்போன கீரையும்தான்.

மறுநாள் காமிராவைத் தரையில் வைத்துக் குத்துமதிப்பாக 40 படம் எடுத்தேன். சிலவற்றில் பாதி முகம், சிலவற்றில் வெறும் ஆகாயம். மீதியில் கீரைக்கட்டு மட்டும் பளிச்சென்று இருக்க, பின்னால் அம்மா மங்கலாகத் தெரிந்தாள்.

உள்ளே இருக்கும் கண்ணாடி

ஏன் இப்படி என்று பையனைக் கேட்டேன். அவன் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். டி.எஸ்.எல்.ஆர். காமிராவுக்குள் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பி, நாம் கண் வைக்கும் துளைக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். அப்போதுதான் வெளிச்சம் பின்னால் இருக்கும் சென்சாரில் விழும். 'டக்'கென்று கேட்கிற சத்தத்தில் பாதி அந்தக் கண்ணாடியுடையது.

அதனால் இந்த வகைக் காமிராவில் கண்ணைத் துளையில் வைத்துப் பார்ப்பதுதான் இயல்பு. காமிரா தரைக்குப் போனால் கண்ணும் கூடவே தரைக்குப் போக வேண்டும். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பின்பக்கத் திரையில் பார்க்கவும் வழி உண்டு. ஆனால் எங்கள் காமிராவின் திரை முதுகோடு ஒட்டியே இருக்கிறது, மடங்காது. அதைப் பார்க்கவும் படுக்கத்தான் வேண்டும். போதாததற்கு, அந்த முறையில் பழைய காமிராக்கள் ஃபோகஸ் பிடிக்க முன்னும் பின்னும் தடவிக்கொண்டே நிற்கும். அதற்குள் அம்மா அடுத்த கட்டுக் கீரையை எடுத்துவிடுவாள்.

மிரர்லெஸ் என்றால் பெயரிலேயே இருக்கிறது, கண்ணாடி கிடையாது. வெளிச்சம் எப்போதும் நேரே சென்சாரில் விழுகிறது. அது பார்ப்பதை அப்படியே திரையில் காட்டுகிறது. இப்படி லென்ஸ் மாற்றுகிற காமிராக்கள் பரவலானது, 2008-ல் பானாசோனிக் ஜி1 வந்த பிறகுதான்.

ஒரே காலையில் இரண்டு காமிரா

பக்கத்துத் தெருவில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், "ஞாயித்துக்கிழமை வேலை இல்லைக்கா, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று தன் மிரர்லெஸ் காமிராவைக் கொடுத்தார். இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வித்தியாசங்கள் இவை:

முதலாவது, முதுகு. தம்பியின் காமிராவில் திரையைப் பக்கவாட்டில் திறந்து மேல்நோக்கித் திருப்பிக்கொள்ளலாம். நான் முக்காலியில் உட்கார்ந்து, காமிராவைத் தரையருகே பிடித்து, மேலிருந்து பார்த்தேன். சட்டென்று ஸ்டூடியோ மாமா ஞாபகம் வந்துவிட்டது! அவர் அன்றைக்குச் செய்ததைத்தான் நான் இன்றைக்குச் செய்கிறேன்.

இரண்டாவது, ஃபோகஸ். மிரர்லெஸ் தானாகவே முகத்தைத் தேடிக் கண்ணில் ஃபோகஸ் வைத்தது. கீரைக்கட்டு ஓரத்தில் இருந்தும் அதற்குப் போகவில்லை.

மூன்றாவது, வெளிச்சம். கீழிருந்து எடுத்தால் பின்னால் ஆகாயம் வந்துவிடும், முகம் கறுத்துப்போகும். டி.எஸ்.எல்.ஆர். துளையில் பார்க்கும்போது இது தெரியாது, எடுத்த பிறகுதான் தெரியும். மிரர்லெஸ் திரையில் எடுப்பதற்கு முன்பே தெரிந்தது. வெளிச்சத்தை ஒரு படி கூட்டிவிட்டு எடுத்தேன்.

நான்காவது, சத்தம். மிரர்லெஸ்ஸில் சத்தமே இல்லாமல் எடுக்கலாம். பழைய காமிராவின் 'டக்' கேட்டால் அம்மா உடனே கையால் முகத்தை மறைப்பாள். இதில் எடுத்ததே அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் இப்படி எடுத்தால் படத்தில் கோடு கோடாக விழலாம் என்று தம்பி எச்சரித்தார். பகல் வெளிச்சத்தில் பயமில்லை.

பழைய காமிராவைக் குறை மட்டும் சொன்னால் நியாயமாகாது. நல்ல வெயிலில் மடக்குத் திரை மங்கி ஒன்றுமே தெரியாமல் போகிறது. அங்கே கண் வைத்துப் பார்க்கும் துளைதான் கைகொடுத்தது. பாட்டரியும் அதில்தான் நிற்கும். நிகான் டி3500 என்ற டி.எஸ்.எல்.ஆர். ஒரு தடவை சார்ஜ் செய்தால் 1,550 படம் எடுக்கும் என்று கம்பெனிக் கணக்கு. பல மிரர்லெஸ் காமிராக்களுக்கு இது 300, 400 என்ற அளவில்தான் இருக்கிறது. பழசாக வாங்கினால் விலையும் டி.எஸ்.எல்.ஆரே மலிவு.

இன்னொன்றும் புரிந்தது. நம் முதுகைக் காப்பாற்றுவது கண்ணாடி இல்லாதது மட்டுமல்ல, திரையில் இருக்கும் கீல்! மடக்குத் திரை டி.எஸ்.எல்.ஆரிலும் உண்டு. 2017-ல் வந்த கேனான் 200டியில் திரை எல்லாப் பக்கமும் திரும்பும், திரையில் பார்த்து எடுத்தாலும் ஃபோகஸ் வேகமாகவே பிடிக்கும். அதே சமயம், மிரர்லெஸ் எல்லாவற்றிலும் திரை மடங்கும் என்றும் நினைக்க வேண்டாம். மேலும் கீழும் மட்டும் சாயும் திரையானால், காமிராவை நெட்டுக்குத்தாகப் பிடிக்கும்போது உதவாது. பெயரைப் பார்த்து வாங்காமல், கடையிலேயே இடுப்புக்குக் கீழே பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

சீட்டுப் பணம்

தம்பியின் காமிராவைத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. மிக்ஸி மாற்றுவதற்கென்று நான் கட்டி வந்த சீட்டுப் பணம் 30,000 ரூபாய் இருந்தது. தயங்கித் தயங்கி என்னவரிடம் சொன்னேன். "இந்த வயசுல காமிராவா?" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எங்கம்மாவை இப்படி ஒரு படம் எடுத்து வைக்கணும்னு எனக்குத் தோணாமப் போச்சு. மிக்ஸி இன்னும் ஓடுது இல்ல? வாங்கு" என்றார்.

கேனான், நிகான் இரண்டிலும் 2020-க்குப் பிறகு புது டி.எஸ்.எல்.ஆர். மாடல் வரவில்லை, புதுசாக வருவதெல்லாம் மிரர்லெஸ்தான் என்று தம்பி சொன்னார். அவரே தெரிந்தவரிடம் விசாரித்து, மடக்குத் திரையுள்ள பழைய மிரர்லெஸ் ஒன்றை லென்ஸோடு வாங்கிக் கொடுத்தார்.

அனுபவத்தில் கற்ற சில குறிப்புகள்: சின்னத் துணிப்பையில் அரை கிலோ அரிசி போட்டுத் தைத்து அதன்மேல் காமிராவை வைத்தால் ஆடாது. கழுத்துப் பட்டையைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அது லென்ஸுக்கு முன்னால் தொங்கும். ரொம்பக் கிட்டே போய் அகல லென்ஸில் எடுத்தால் கையும் மூக்கும் பெரிசாகி முகம் கோணலாகத் தெரியும். இரண்டடி தள்ளி உட்கார்ந்து, லென்ஸை முன்னுக்கு இழுத்து எடுங்கள். தரையில் வைத்து லென்ஸ் மாற்றாதீர்கள், கண்ணாடி மறைப்பு இல்லாததால் தூசி நேரே சென்சாரில் போய் உட்காரும். தவழும் குழந்தைகளை எடுக்கிற இளம் தாய்மார்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். குழந்தையின் கண்மட்டத்துக்குக் காமிரா இறங்கினால் போதும், நீங்கள் இறங்க வேண்டாம்.

அந்தப் படம்

ஆடி மாதம், ஒரு காலை நேரம். முக்காலியில் உட்கார்ந்து அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்தேன். காமிரா என் காலடியில் இருந்தது, அவளுக்கு அது கண்ணிலேயே படவில்லை. மாயவரத்து வீட்டுக் கிணற்றில் பித்தளைச் சொம்பு விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு விழுந்துவிட்டது. கண், கன்னத்து மரு, மூக்குத்தி, எல்லாமே தெரிந்தன.

பெரிசாகப் பிரிண்ட் போட்டு மடியில் வைத்தேன். குனிந்தபடியே வெகுநேரம் பார்த்தாள். "பாப்பா, நான் எங்கம்மா மாதிரியே ஆயிட்டேன்டி" என்றாள். விரலால் அந்த முகத்தைத் தடவினாள். "இதை இப்பவே மாட்டு. மாலையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

இப்போது அந்தப் படம் கூடத்தில், அவள் கட்டிலில் உட்கார்ந்தால் தெரிகிற மாதிரி தாழ்வாகவே மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் குனிந்துதான் பார்க்கிறார்கள்.

சகோதரிகளே, காமிரா வாங்குவதும் வாங்காததும் உங்கள் சௌகரியம். ஆனால் இரண்டு விஷயங்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மாதவிலக்கு நிற்கும் வயதை ஒட்டி எலும்பு வேகமாக மெலியத் தொடங்கும்; உயரம் குறைவது போலவோ முதுகு வளைவது போலவோ தோன்றினால் உடனே டாக்டரிடம் காட்டி எலும்பின் பலத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். நானும் போன மாதம் போய்வந்தேன். இப்போது தினமும் நடக்கிறேன், கேழ்வரகும் பாலும் தவறுவதில்லை.

இன்னொன்று, வீட்டில் கூனிப்போன பெரியவர்கள் இருந்தால், இன்றைக்கே அவர்கள் எதிரே ஒரு மணை போட்டுத் தாழ்வாக உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசிப் பாருங்கள். அவர்கள் முகத்தை நாம் பார்த்து எத்தனை நாளாயிற்று என்பது அப்போது தெரியும்.