மறைத்தலிலும் அறம் உண்டு

ஒளித்ததைத் தேடிக் காண்பதில் எமக்குத் தனி இன்பம் உண்டு. அதனை உலக விளையாட்டாக்கியது ‘ஜியோகேச்சிங்’. 2000 மே 2இல் அமெரிக்கா, ஜி.பி.எஸ். குறிகளில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கிற்று. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பார், பொருள்கள் இட்ட வாளியொன்றைப் பாதி புதைத்து, இடக்குறியை இணையத்தில் அறிவித்தார். அதில் தகரத்தில் அடைத்த உணவும் இருந்தது.

இன்றோ இரண்டும் ஆகா. தோண்டினால் நிலம் புண்படும். உணவு வைத்தால் விலங்குகள் கலத்தைச் சிதைக்கும். நிலத்துக்குரியாரின் இசைவு பெற்று, நீர்புகாக் கலத்தில் மறைத்தல் வேண்டும். தேடுவோர் செடிகளை மிதியாது, இயல்புக்கு மாறாய் அடுக்கிய கற்களை நோக்குக. ஏட்டில் பெயரெழுதி, எடுத்ததற்கு ஈடு வைத்து, இருந்தவாறே மூடுக.

காவலற்ற கலம் அது. ஒருவர் ஈடு வையாது எடுப்பின், அடுத்து வருவோர்க்கு வெறுங்கலமே எஞ்சும். முகமறியாதார்க்கும் நாணயம் காக்கும் இப்பயிற்சியையே யாம் பெரிதென மதிக்கிறோம்.