செட்டிநாட்டில் ஒரு பழைய போட்டோ

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடிக்குப் பஸ் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பிள்ளையார்பட்டி விநாயகரைத் தரிசிக்கவோ, செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்க்கவோ, அல்லது சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்தில் இலை முன் உட்காரவோ போகிறவர்கள். சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை நாங்கள் போனது இவற்றில் எதற்காகவும் அல்ல. 84 வயதான எங்கள் தகப்பனாருக்கு அவருடைய தகப்பனாரின் முகத்தை முதன்முதலாகக் காட்டுவதற்காகப் போனோம்.

எங்கள் பாட்டனார் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு நகரத்தார் வட்டிக்கடையில் சமையற்காரராக இருந்தவர். 1940-ல் லீவில் ஊருக்கு வந்து, சில மாதங்கள் தங்கி, மறுபடியும் கப்பலேறினார். 1941-ல் எங்கள் தகப்பனார் பிறந்தார். அவ்வருஷம் டிசம்பர் 23-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு பொழிந்தன. அதன் பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கால்நடையாகக் கிளம்பியதும், அரக்கான் மலைகளிலும் மணிப்பூர்க் காடுகளிலும் காலராவுக்கும் மலேரியாவுக்கும் எண்ணற்றவர் இரையானதும் பலரும் அறிந்த சரித்திரம். சாவதற்குப் போகும் அந்த வழியிலும் வெள்ளையருக்கு ஒரு வசதி, இந்தியருக்கு ஒரு வசதி என்று சர்க்கார் பேதம் பாராட்டியதைக் காங்கிரஸ் தலைவர்கள் கண்டித்தார்கள். பாட்டனார் புறப்பட்டதைக் கண்டவர்கள் உண்டு. வந்து சேர்ந்ததைக் கண்டவர் இல்லை.

அவர் விட்டுச் சென்றது ஒரு தபால் கார்டு மாத்திரமே. போட்டோ எதுவும் கிடையாது. "அவர் எப்படி இருப்பார்?" என்று தகப்பனார் சிறு வயதில் கேட்கும்போதெல்லாம், பாட்டியார், "கண்ணாடியிலே போய்ப் பார்" என்பாராம்.

எங்களிடம் முன்பு படித்த மாணவன் ஒருவன், தன் கொள்ளுப்பாட்டியார் வீட்டில் ரங்கூன் கடைச் சிப்பந்திகளின் குரூப் போட்டோ ஒன்று தொங்குவதாகத் தற்செயலாகச் சொன்னான். அவன் சொன்ன கடை விலாசமும் தபால் கார்டில் இருந்த விலாசமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருந்தன. அந்த வீடு பங்காளிகளுக்குள் பாகமாகிவிட்டது என்றும், தை மாதத்துக்குள் சாமான்களை ஒழிக்கப் போகிறார்கள் என்றும் அவன் சொன்ன பிறகு, நாங்கள் தாமதிக்கவில்லை.

காரைக்குடியில் இறங்கியதும் முனீஸ்வரன் கோயில் தெருவைப் பார்க்காமல் போகக்கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பழஞ்சாமான் கடைகள் நிறைந்த தெரு அது. பித்தளை அண்டா, ஜப்பான் பீங்கான், இரும்பு இனாமல் கூஜா, தேக்குக் கதவு, சுவர்க் கடியாரம், மரப்பாச்சி - ஒரு காலத்தில் சீராக வந்தவை எல்லாம் இப்போது விலைக்குக் காத்திருக்கின்றன. அவற்றினிடையே சட்டமிட்ட போட்டோக்களும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கோட்டும் தலைப்பாகையும் அணிந்த பெரியவர். மடியில் குழந்தையுடன் ஓர் அம்மாள். கழுத்து நிறைய நகையுடன் விழித்துப் பார்க்கும் மணப்பெண். யார் இவர்கள் என்று கடைக்காரரைக் கேட்டோம். "சட்டம் பர்மாத் தேக்குங்க" என்றார் அவர். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் படத்தை எடுத்துவிட்டுச் சட்டத்துக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி போட்டுக்கொள்கிறார்களாம்.

தகப்பனார் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு சட்டத்தையும் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவரை அங்கிருந்து நகர்த்துவது சுலபமாக இல்லை.

நாங்கள் போக வேண்டிய கிராமம் சில மைல் தூரத்தில் இருந்தது. செம்மண் பூமி, கரையில் படிகள் கட்டிய ஊருணி, அதைத் தாண்டினால் தெருவுக்குத் தெரு பூட்டிக் கிடக்கும் மாளிகைகள். முன் வாசலில் நின்று பார்த்தால் பின் கட்டு வாசல் வழியாக அடுத்த தெரு தெரிகிறது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். தூண்கள் பர்மாத் தேக்கு. தரை ஆத்தங்குடிக் கல். இவ்வளவும் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஒரு கணக்குச் சொன்னால் போதும்: 1930-ஐ ஒட்டி நெல் விலை விழுந்து, கடன் பட்டவர்கள் திருப்பிக் கட்ட முடியாமல் நிலங்களை விட்டுக்கொடுத்ததால், 1938-க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு விளைநிலம் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. பர்மியர்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். யுத்தமும், 1948-ல் பர்மாவில் வந்த நிலச் சட்டமும், 1962-க்குப் பிறகு அங்கே ஏற்பட்ட ராணுவ ஆட்சியும் அந்தச் செல்வத்தைத் துடைத்துவிட்டன. வீடுகள் நிற்கின்றன.

வீட்டுக்கார ஆச்சிக்கு 91 பிராயம். கண் பார்வை மங்கியிருந்தாலும் குரல் கணீரென்று இருக்கிறது. தகப்பனாரைப் பார்த்து, "வாங்க தம்பி, ஒக்காருங்க. மொதல்ல மோர் சாப்பிடுங்க, படம் எங்கேயும் ஓடிப் போகாது" என்றார்கள்.

வளவின் நான்கு பக்கத்துச் சுவர்களிலும் கூரையை ஒட்டி வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றும் மேற்புறம் முன்னே சாய்ந்து, நம்மைக் குனிந்து பார்ப்பதுபோல் மாட்டப்பட்டிருக்கிறது. மாணவன் ஏணி வைத்து ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்துக் கொடுக்க, ஆச்சி மடியில் வைத்து விரலால் தடவிச் சொன்னார்கள்.

பழைய போட்டோக்களைப் பார்த்தால் அக்காலத்து ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம் என்று பலர் சொல்லுகிறார்கள். எங்கள் அபிப்பிராயம் நேர் மாறானது. ஸ்டூடியோப் படத்தில் இருப்பதெல்லாம் அவர்களிடம் இல்லாதவை. ஒரு படத்தில் வாலிபர் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நிற்கிறார். "எங்க சின்னையா. சாகிற வரைக்கும் சைக்கிள் விடத் தெரியாது" என்றார்கள் ஆச்சி. மற்றொன்றில் எட்டு வயதுச் சிறுமி. பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி, அதில் பூத் தைத்த சடை முழுவதும் தெரிகிறது. அது ஆச்சியேதான். பூ வாடுவதற்குள் போட்டோக்காரர் வரவில்லையென்று இரண்டாம் முறை தைத்தார்களாம். ஊசி குத்திய வலியில் முகம் அப்படி இருக்கிறது. நாங்கள் அதை வெட்கம் என்று நினைத்திருந்தோம்.

ஆச்சியின் தாயார் இராட்டையின் முன் அமர்ந்திருக்கும் படம் எங்களை வெகு நேரம் பிடித்து வைத்தது. 1927 செப்டம்பரில் மகாத்மா காந்தி செட்டிநாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்தார். இங்குள்ள மாளிகைகளில் அந்நியச் சாமான்கள் மூச்சு முட்ட அடைந்து கிடப்பதை அவர் முகதாட்சணியமின்றிக் கண்டித்தார். அதைக் கேட்டு வந்த உற்சாகத்தில் வீட்டு ஆண்பிள்ளைகள் இராட்டை ஒன்று வாங்கி, கல்யாணமாகி வந்த புதுப்பெண்ணை அதன் முன் உட்கார வைத்துப் படமும் எடுத்துவிட்டார்கள். கவனித்துப் பார்த்தால் இராட்டையில் நூலே இல்லை. "ஆத்தாவுக்கு நூற்கத் தெரியாது. படம் சுவத்தில ஏறினப்பறம், வர்றவுக எல்லாம் நூல் எங்கேன்னு கேட்டுச் சிரிச்சாக. அந்த வெக்கத்திலேயே ஆத்தா நூற்கப் படிச்சு, கடைசி வரைக்கும் விடலை. அந்தப் படம் மட்டும் எடுக்கலை." முதலில் படம் பொய் சொல்லி, பிறகு அந்த அம்மாள் அதை மெய்யாக்கியிருக்கிறார்கள்! அச்சில் இதை எங்கே கண்டுபிடிப்பது?

கடைசியாக ரங்கூன் படம் இறங்கியது. கனத்த அட்டையில் ஒட்டிய பெரிய படம். 1939-ல் ஆச்சியின் தகப்பனார் ஏஜண்டாக மூன்று வருஷக் கணக்கை முடித்து, புது ஏஜண்டிடம் சாவியை ஒப்புவித்த நாளில் கடை முற்றத்தில் எடுத்தது. முன் வரிசையில் நாற்காலியில் நான்கு பேர். பின்னால் நின்றவர்கள் ஆறு பேர். இடது ஓரத்தில், கதவு நிலைக்குப் பக்கத்தில், தனியே ஒருவர்.

தகப்பனார் கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். நாங்களும் குனிந்தோம். ஓரத்து மனிதருக்கு முகம் இல்லை.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெண்மையான கலங்கல்தான் இருந்தது. குரூப் போட்டோ எடுக்கிறவர்கள் எல்லா வரிசையும் தெளிவாக விழ வேண்டுமென்று லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி, ஒரு விநாடி, இரண்டு விநாடி திறந்து வைப்பது வழக்கம். அதுவரை மூச்சைப் பிடித்து நின்றவர்களுக்கு முகம் விழும். அசைந்தவருக்கு விழாது. பாட்டனார் அசைந்துவிட்டார்.

"பால்" என்றார்கள் ஆச்சி. "படம் புடிக்கிறவருக்குத்தான் காப்பிக்கு அடுப்பில பால் வச்சிருந்தாகளாம். பொங்குற சத்தம் கேட்டுத் திரும்பிட்டாக. இன்னொரு தரம் எடுக்கலாமான்னு அவர் கேட்டாராம். புதுசா வந்த ஏஜண்டு, 'எல்லாம் சரியா விழுந்திருக்கும், போதும்'னுட்டாராம். அப்பச்சி இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாக."

எல்லாம் சரியாகத்தான் விழுந்திருந்தது. பத்து முகங்களும் வெட்டி வைத்ததுபோல் இருந்தன.

எங்களுக்கு வாய் அடைத்துவிட்டது. இத்தனை தூரம் கிழவரை அலைக்கழித்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் தகப்பனார் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "கால் விழுந்திருக்கு" என்றார். ஆம், உடம்பு திரும்பியதே தவிரக் கால்கள் நகரவில்லை. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேஷ்டியும், வெறுங்காலும், விரல்களும் மிகத் தெளிவாக விழுந்திருந்தன. கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். தகப்பனார் படத்தைக் கீழே வைத்து, அதன் பக்கத்தில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் தம் வலது காலை வைத்துப் பார்த்தார். நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அதன் பிறகு ஆச்சி சொன்னதுதான் நாங்கள் எதிர்பாராதது. 1942-ல் ரங்கூனிலிருந்து தபால் நின்றுபோனபோது, அவர்களுடைய தகப்பனார் தினந்தோறும் காலையில் இந்தப் படத்தின் கீழே நின்று, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, 'இவன் வந்துட்டான், இவனைக் காணோம்' என்று எண்ணுவாராம். எட்டு வயதுக் குழந்தையாகப் பக்கத்தில் நின்ற ஆச்சிக்கு அந்தப் பெயர்கள் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாகிவிட்டன. "உங்க அய்யாவையும் சேத்துத்தான் தம்பி எண்ணுவாக. பதினொண்ணுன்னுதான் முடிப்பாக."

உடனே பென்சில் கேட்டோம். பேனா மை அட்டையில் ஊறிப் படத்துக்குக் கெடுதல் செய்யலாம். மெல்லிய பென்சிலே உத்தமம். ஆச்சி சொல்லச் சொல்ல அட்டையின் பின்புறத்தில் வரிசைப்படி எழுதினோம். ஆறாவது ஆளின் பெயர் மட்டும் வரவில்லை. மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிப் பார்த்தும் அந்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. "எடம் விட்டு வைங்க. ராத்திரிக்கு வந்தாலும் வரும்" என்றார்கள். இடம் விட்டோம். பதினொன்றாவது பெயரைத் தகப்பனார் தாமே எழுத வேண்டும் என்று பென்சிலை வாங்கிக்கொண்டார். எண்பது வருஷத்துக்கு மேலாகத் தம் பெயருக்கு முன்னால் 'சு' என்று ஒரே எழுத்தாகப் போட்டு வந்ததை, அன்று முழுதாக எழுதினார்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிரதி எடுத்துச் சேமித்திருக்கிறார்கள் என்று மாணவனிடம் சொல்லி, மற்றப் படங்களுக்கும் இப்படியே பெயர் எழுதச் சொன்னோம். ஆச்சியிடம் தினம் ஒரு மணி நேரம் உட்காருவதாக வாக்களித்திருக்கிறான். பையன் நல்லவன், ஆனால் கொஞ்சம் சோம்பேறி. அடிக்கடி ஞாபகப்படுத்த வேண்டும்.

ரங்கூன் படத்தை ஆச்சி எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். அந்த ஓரத்தை மாத்திரம் போனில் பிரதி எடுத்துக்கொள்கிறோம் என்று நாங்கள் சொன்னதை அவர்கள் ஒப்பவில்லை. "தனியா எடுக்காதீங்க. பதினொரு பேரும் ஒண்ணாப் போகட்டும்."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். பழைய வேஷ்டியில் சுற்றிய படத்தைத் தகப்பனார் மடியிலிருந்து இறக்க மறுத்துவிட்டார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "கண்ணாடியா பெரியவரே? ஒடஞ்சிடப் போகுது" என்றார். போட்டோ என்றதும், "யார் போட்டோ?" என்று கேட்டார். தகப்பனார் வேஷ்டியின் முடிச்சை அவிழ்த்து, முன் வரிசையில் இடது கோடியிலிருந்து பெயர் சொல்ல ஆரம்பித்தார். பஸ் திருப்பத்தூர் தாண்டியபோது, இரண்டாம் வரிசையில் இடம் விட்டிருந்த அந்த ஆறாவது ஆளிடம் வந்து நின்றிருந்தார்.